அரைக்கேன் ஏறிய மலை

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று அறிந்த ஒரே ஜீவன் அரைக்கேன் அண்ணாத்தேதான். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது தண்ணீருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்புக்குச் சைக்கிளில் தண்ணீர் கேன் போடுகிறவர். சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி, கொக்கிக்கு ஒரு முழுக் கேன். கேரியரின் மேல் பாதித் தண்ணீரோடு இன்னொரு கேன் எப்போதும் கட்டியிருக்கும். அது விற்பனைக்கு இல்லை. போகிற வழியில் எங்காவது சந்தேகம் வந்தால் அந்தக் கேனைத் தரையில் படுக்க வைப்பார். தானும் பக்கத்தில் குப்புறப் படுத்து, உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். அரைக்கேன் என்ற பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்று போகும்போதெல்லாம் மனிதர் தரையில் படுத்திருப்பார்.

“என்னண்ணே பாக்குறீங்க?”

“இந்த ரோடு பாக்க சமமா கீது சார். மிதிக்கும்போது கால்ல கனம் தெரியுது. கண்ணு பொய் சொல்லும், கேன் சொல்லாது.”

ஒருமுறை மாங்காட்டுப் பக்கம் ஒரு கீரைத் தோட்டத்து ஓரம் இப்படிப் படுத்திருந்தாராம். ரோடு போட அளக்க வந்த அதிகாரி என்று நினைத்து, நிலத்துக்காரப் பெரியவர் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்து, “என் நெலம் பூடுமா ஐயா?” என்று கேட்டிருக்கிறார். இவர் மோரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “உன் நெலம் நல்லா கீது நைனா. ஒரு கட்டவெரல் அளவு கெழக்கால சாஞ்சிகினு கீது, அவ்ளோதான்” என்றாராம். பெரியவர் அன்றைக்கே கிழக்குப் பக்கம் வேலி போட்டுவிட்டார்.

எதற்காக இந்த ஆராய்ச்சி என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“மலைக்கு சார். நம்ம ஏரியால மேடுன்னா மேம்பாலந்தான். ஒரு தபா, ஒரே ஒரு தபா, நெசமான மலையில கால் ஊனாம மேல ஏறிடணும். மேல போயி கேனைப் போட்டு, தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கணும்.”

கோவில்பட்டியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வளர்த்த தொப்பையைக் கரைக்க நான் கியர் சைக்கிள் வாங்கியிருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெமிலிச்சேரிப் பக்கத்து மேம்பாலத்தில் எங்களுக்குள் போட்டி ஆரம்பித்தது. கால் ஊன்றினால் தோல்வி. பாலத்தின் மேல் மட்டும் நான் அவருக்கு மாமே, இறங்கிவிட்டால் மறுபடியும் சார். இரண்டு முழுக் கேனோடு அவர் ஒவ்வொரு வாரமும் என்னைத் தோற்கடித்தார்.

ஒரு வாரம் பாதி ஏறும்போது அவருடைய போன் அடித்தது. நடுப்பாலத்தில் காலை ஊன்றி நின்றார். “ரெண்டு கேனா? தோ, வந்துகினே கீறேன்!”

“அண்ணே, கால் ஊனிட்டீங்க! தோத்தாச்சு!”

“டெலிவரிக்கு ஊனுறது கணக்குல வராது மாமே.”

“இது எந்த ஊர்ச் சட்டம்?”

“நம்ம பாலத்துச் சட்டம்.”

இரண்டு வருஷம் இந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடினேன். ஒரு பயனும் இல்லை.

பிறகு ஏலகிரியில் மண் பாதையில் மலையேறும் சைக்கிள் போட்டி என்று தெரிந்ததும் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன். அவருக்கு மலை கிடைக்கட்டும் என்பது பாதி, ஒரு முறையாவது அவரை ஜெயிக்க வேண்டும் என்பது மீதி. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்து, பெல், ஸ்டாண்டு, கடைசியில் தண்ணீர் பாட்டில் வரை கழற்றி வைத்தேன். தலைமுடியைக் கூட ஒட்ட வெட்டிக்கொண்டேன். அவரையும் வற்புறுத்திக் கேன்களை இறக்க வைத்தேன்.

அடிவாரத்தில் ஒத்திகை பார்த்தவர் பத்தடியில் விழுந்தார். எழுந்து மிதித்தார், மறுபடியும் விழுந்தார். இத்தனை வருஷத்தில் மனிதர் காலி வண்டியோடு மேடு ஏறியதே இல்லை.

“வெயிட்டு இல்லாம பின்சக்கரம் மண்ணைப் புடிக்க மாட்டேங்குது சார்” என்றவர், நேராகக் குழாயடிக்குப் போய் இரண்டு கேனையும் நிரப்பி மாட்டிக்கொண்டு வந்து நின்றார். போட்டி நடத்தியவர் விதிமுறைத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். தண்ணீர் கேன் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

விசில் ஊதியதும் நான் பறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அரைக்கேன் எனக்குப் பின்னால்! அந்தச் சந்தோஷம் பாதி மலை வரைக்கும் தாங்கியது. பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பாறையில் சாய்ந்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் கீழ் வளைவில் அவர் தெரிந்தார். தெருவில் கேன் போடுகிற அதே நிதானம். அதுவரை அவர் கால் ஊன்றவில்லை. மேலே இன்னும் இரண்டே வளைவுதான் பாக்கி.

“போங்கண்ணே! நிக்காதீங்க! கால் ஊனாதீங்க!” என்று கத்தினேன். சத்தம் பாதிதான் வந்தது.

அவர் மேலே பாதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கால் மண்ணில் இறங்கியது.

கேனை அப்படியே தூக்கி என் வாயிலும் தலையிலும் ஊற்றினார். எனக்குக் கண் தெளிந்ததும் அழுகை வந்தது.

“போச்சேண்ணே. என்னால கால் ஊனிட்டீங்களே.”

“இன்னா போச்சு? டெலிவரிக்கு ஊனுறது கணக்குல வராது மாமே. எழுந்துரு.”

நாங்கள்தான் கடைசி. மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஊற்றியதில் மீந்த கேனை அவர் தரையில் படுக்க வைத்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கம் குப்புறப் படுத்துப் பார்த்தோம். ஆடி அடங்கியதும் தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

“மேல சமமாத்தான் கீது” என்றார், இத்தனை வருஷச் சந்தேகம் தீர்ந்தவராக.

மறுநாள் எங்கள் குடியிருப்பு வாசலில் காவலாளி அவரை மறித்தார். “இன்னா அண்ணாத்தே, கால் ஊனாம ஏறினியா?”

அரைக்கேன் குனிந்து கேன் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

“ஊனவே இல்லை. கூடவே இருந்து பார்த்தவன் நான்” என்றேன்.

அவர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “எங்க வெக்கட்டும் மாமே?” என்றார்.

சமதரையில் வைத்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.