வாயால் பிணை நிற்பவர்

வாய்ப்பிணைக்காரர் என்றொரு மனித வகை உண்டு. போர்க்காலக் கொழும்பில் இந்த வகை நன்றாகவே பெருகியது. வெள்ளவத்தை ஒழுங்கையில் யாரையாவது பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால், ஜீப்பின் புகை அடங்குமுன் இவர் வந்துவிடுவார். ஒரு கையால் சறத்தைத் தூக்கிப் பிடித்தபடி, மறுகையால் காற்றில் சட்டப் பிரிவுகளை எழுதியபடி, "பயப்பிடாதேங்கோ, நானிருக்கிறன்" என்பார். எங்கே இருப்பார்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நமசிவாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைவாசி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். "பிறந்தது மட்டும்தான் யாழ்ப்பாணம், நான் அசல் கொழும்பு ஆள்" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் நாற்பது வருடமாகச் சொல்லி வருபவர். வடக்கிலிருந்து புதிதாக வந்திறங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஓர் இரக்கம். இரக்கத்துக்குள் ஒரு மிதப்பு.

மேல்மாடி ஜெகதீஸ்வரி அப்படி வந்தவர்தான். அவருடைய மகன் சிவமணிக்கு, மாளிகாவத்தை ஷரீப் நடத்தும், காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமினிகேஷன் கடையில் வேலை. அடையாள அட்டையில் ஏதோ சந்தேகம் என்று பொலிஸ் அவனைப் பிடித்து, விளக்கமறியலில் போட்டு, மறந்துவிட்டது. தவணைக்கு மேல் தவணை. விசாரணையும் முடியவில்லை, குற்றப்பத்திரமும் வரவில்லை. சட்டம் வைத்த கெடுவும் தாண்டிவிட்டது.

நமசிவாயம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார்.

"கெடு தாண்டினால் பிணை குடுக்கத்தான் வேணும், தங்கச்சி. அது பிச்சையில்லை, உங்கட பிள்ளையின்ர உரிமை!"

சரியாகத்தானே சொன்னார்? முழுக்கச் சரி. இந்த வகையினரோடு பெரிய தொல்லையே அதுதான்.

நீதிமன்றத்துக்கும் கூடவே போனார். அவர் ஒரு வாரமாக முழங்கியதைச் சட்டத்தரணி ஐறீன் நாலு வசனத்தில் சொல்லி முடித்தார். நீதவான் பிணை கொடுத்தார். ஆனால், கொழும்பில் நிரந்தரமாக வசிக்கும் இருவர் கையெழுத்திட வேண்டும். ஷரீப் உடனே போட்டார். மற்றது? நீதிமன்றக் கந்தோர் பூட்டுமுன் மற்றதும் விழாவிட்டால் பிள்ளை மறுபடியும் சிறைச்சாலை பஸ்ஸில்.

ஐறீன் பேனாவை நீட்டினார். கம்பிக்கு அப்பால் நின்ற சிவமணி நமசிவாயத்தைக் கண்டு முகமெல்லாம் மலர்ந்து சிரித்தான். நமசிவாயம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொடியன் தவணைக்கு வராமல் விட்டால்? எங்காவது போய் ஒளித்துக்கொண்டால்? பிணை நின்றவருடைய கதவையல்லவா தட்டுவார்கள்! உரிமை பொடியனுடையது, கதவு தன்னுடையதாயிற்றே?

"அது வந்து, தங்கச்சி... உண்மையில நான் யாழ்ப்பாணம். இஞ்ச சும்மா வந்து போறனான்."

"நாப்பது வருசமாவோ, அண்ணை?" என்றார் ஜெகதீஸ்வரி.

"நேத்தும் கடையில வந்து அசல் கொழும்புன்னு சொன்னீங்களே!" என்றார் ஷரீப்.

"இல்லையில்லை, நான் யாழ்ப்பாணம்! யாழ்ப்பாணம்!"

கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரருக்குத் தமிழில் அந்த ஒரு சொல் நன்றாகத் தெரியும். மெல்லக் கிட்ட வந்து சிங்களத்தில் விசாரித்தார். யாழ்ப்பாணமா? கொழும்பில் எங்கே தங்கியிருக்கிறீர்? எதற்கு வந்தீர்? எப்போது திரும்பிப் போவீர்?

"நே, நே, மாத்தயா! வெள்ளவத்தே! வெள்ளவத்தே!" என்று சிங்களத்திலேயே மறுத்து அலறிய நமசிவாயம், அதற்கு அத்தாட்சி போல ஐறீனின் பேனாவைப் பறித்து, காட்டிய இடத்திலும் காட்டாத இடத்திலும் கையெழுத்திட்டார்.

சிவமணி வீடு வந்தான். "பொடியனை எடுத்து விட்டது ஆர்? நான்தானே!" என்று தேநீர்க் கடையில் அன்றைக்கே பேச்சு. வேலையிலிருந்து திரும்ப சிவமணி பத்து நிமிடம் பிந்தினால் மட்டும், பல்கனியில் நின்று அவன் தாயைவிட அதிகமாகத் தவிப்பவர் அவர்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் சட்டம் தெரியும், உரிமை பற்றி நன்றாகவே பேசுவீர்கள். ஆனால் அந்த நீதிமன்ற வாசலில், கந்தோர் பூட்டுகிற நேரத்தில், ஒருவர் உங்களிடம் பேனாவை நீட்டுகிறார். யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்: நீங்கள் எந்த ஊர்?