எங்கள் தெருவை ஓடவைத்த ரம்பம்

நான் ரம்பம் வாசிப்பேன். நேரில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது என்பதால் எழுத்தில் சொல்கிறேன். மரம் அறுக்கும் அதே ரம்பம்தான். கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நுனியை இடது கையால் வளைத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் வயலின் வில்லை இழுத்தால் அது பாடும். ஒழுங்காக வாசித்தால் யாரோ ஒரு பெண் தூரத்தில் வாய் திறக்காமல் பாடுவதுபோல் இருக்கும். ஒழுங்காக வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது சாத்தூரில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

எனக்கு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை. பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டும் லேபிளுக்கு டிசைன் போடுவேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போன் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தபோது, வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி ரம்பம் வாசிக்கும் வீடியோ வந்தது. அழுதுவிட்டேன். (மோர்மிளகாய் உறைப்பு என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன்.) சின்ன வயதில் பாட்டோ வீணையோ கற்றுக்கொள்ள எங்கள் வீட்டில் வழியில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் வரும் ஆசை லேசில் விடுவதில்லை. சனியன் மாதிரி பிடித்துக்கொண்டது.

இரும்புக் கடைக்குப் போனேன். "என்ன மரம்மா அறுக்கணும்?" என்றார் கடைக்காரர். நான் ஒவ்வொரு ரம்பமாக எடுத்து வளைத்து, விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டேன். நாலாவது ரம்பம் "ம்ம்ம்" என்று நீளமாக முனகியது. "இதுதான்ணே. பல்லை மட்டும் அரத்தை வச்சு மழுக்கிக் குடுத்திருங்க" என்றேன். புது ரம்பத்தின் பல்லை ராவும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

வில்லை மதுரையில் வாங்கிவிட்டேன். வாத்தியார்தான் கிடைக்கவில்லை. விருதுநகரில் ஒரு வயலின் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். என் கையில் ரம்பத்தைப் பார்த்ததும், "கட்டில் வேலை மாடியிலம்மா, செருப்பைக் கழட்டிட்டுப் போங்க" என்றார். விஷயத்தைச் சொன்னபிறகு மாடிக்கும் விடவில்லை. கடைசியில் இணையத்தில் தேடி, பெங்களூரில் ரம்பம் கற்றுக்கொடுக்கும் ஒரு சாரைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பாடம்.

சார் நல்ல வாத்தியார். முதல் வகுப்பிலேயே ஒரே ஒரு விதி சொன்னார். "ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும்போது வில்லை எடுத்திடுங்க. முதல்ல வளைங்க, அப்புறம் இழுங்க. இழுத்துக்கிட்டே வளைக்காதீங்க." ஒவ்வொரு வாரமும் இதையே சொன்னார். நான் ஒவ்வொரு வாரமும் தலையாட்டினேன். ஆனால் எனக்குப் பிடித்ததே அந்த இழுத்துக்கொண்டே வளைப்பதுதான். "ஊ" என்று கீழே தொடங்கி, மேலே ஏறி, மறுபடி வழுக்கி இறங்கும்போது உடம்பெல்லாம் புல்லரிக்கும். நான் அதைக் கமகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாருக்கு நம் சங்கீதம் தெரியாது, பாவம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டிலிருந்து காலையில் வேனேறி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவார்கள். அந்த வேன்களில் ஒன்றை ஓட்டுபவர் என் வீட்டுக்காரர். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. போனவர்கள் சாயங்காலம் வேனில் வந்து இறங்கினால்தான் உண்டு. அதனால் நடுவில் தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டால், கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். வண்டி எந்த ரோட்டில் திரும்புகிறது என்று காது மட்டும் பின்னாலேயே போகும். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் மதினியின் வீட்டுக்காரர் ஒரு சீசன் நேரத்தில் வேலைக்குப் போய் வேனில் திரும்பாதவர். இப்போது அவர் மகள் ராஜி அதே பக்கம் வேலைக்குப் போகிறாள்.

அன்றும் தீபாவளி சீசன்தான். அச்சகத்தில் மிஷின் ரிப்பேர், எனக்கு லீவு. மதியம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் கமகத்தைப் பொழிந்தேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். அவ்வளவு நன்றாக அதற்குமுன் வாசித்ததே இல்லை.

கீழே அலறல் கேட்டது. எட்டிப் பார்த்தால் தெருவே ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி மதினி செருப்பில்லாமல், ஈரத் தலையோடு ஓடினார்.

"என்ன மதினி?"

"சைரன் ஊதுது கனகு! உனக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. (எப்படிக் கேட்கும்?) வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. நானும் இறங்கி ஓடினேன். கையிலிருந்த ரம்பத்தையும் வில்லையும் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மெயின் ரோட்டில் டீக்கடை வாசலில் எல்லோரும் கூடினோம். வானத்தில் புகை இல்லை. மதினி ஆட்டோவை மறித்து, "ஏழாயிரம்பண்ணைக்குப் போப்பா, போ" என்று சொல்லிக்கொண்டே ஏறத் தோன்றாமல் அதன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கம்பெனிக்கு வெளியே நிற்கும் வேன் டிரைவரிடம் மட்டும்தான் போன் இருக்கும் என்பதால் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தேன். போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"என்ன புள்ள, செத்த நேரம் தூங்கவிட மாட்டியா? வேப்பமரத்துக் காத்து இப்பத்தான் அள்ளிக்கிட்டு வருது."

அங்கே ஒன்றுமில்லை என்றேன். அப்படியும் மதினி ஆட்டோவை விடவில்லை. "அந்தக் கம்பெனி இல்லைன்னா வேற கம்பெனி. யாரு வீட்டுப் பிள்ளைகளோ" என்றார். பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

டீக்கடை அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, எல்லாரும் பதறி ஓடியாராக. நீ எதுக்கு ரம்பத்தத் தூக்கிட்டு வந்திருக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைரன் எப்போது நின்றது என்று கேட்டேன். "அலறிக்கிட்டு எல்லாரும் தெருவுக்கு வந்தோம்ல, அப்பவே நின்னுருச்சு" என்றாள் ஒருத்தி. நான் வாசிப்பதை நிறுத்தியதும் அப்போதுதான்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அழுகிறவர்களை அழவிட்டுவிட்டு எப்படிப் போவது? "அது சைரன் இல்ல மதினி. நான்தான்" என்றேன். யாரும் நம்பவில்லை. அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு அக்கா தண்ணீர் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ரம்பத்தை இடுக்கி, ஊர் நடுவே வாசித்துக் காட்டினேன். என் முதல் கச்சேரி அதுதான்.

இழுத்துக்கொண்டே வளைத்தேன். சைரன் ஏறியது, இறங்கியது. இத்தனை நாள் நான் புல்லரித்துக் கேட்டது இதைத்தானா?

பேச்சி மதினி ஆட்டோக் கம்பியை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதார். பிறகு எழுந்து வந்து, "பாவி மக, பாவி மக" என்று என் முதுகில் நாலு சாத்துச் சாத்தினார். கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அவமானத்தில் எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முதல்ல வளைங்க, அப்புறம் இழுங்க" என்றார். இந்தத் தடவை கேட்டேன். ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் நடுவில் வில்லை எடுக்கப் பழகவே மாதக் கணக்கில் ஆனது. இப்போது கொஞ்சம் பாட்டு மாதிரிதான் இருக்கிறது.

ஆனாலும் தெரு ஒரு சட்டம் போட்டுவிட்டது. வாசிப்பதற்கு முன் நான் மொட்டை மாடிச் சுவரோரம் நின்று, "ரம்பம்தான்!" என்று கத்தவேண்டும். "சரி, வாசி!" என்று கீழேயிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுத்தபிறகுதான் வில்லைத் தொடலாம். என் வீட்டுக்காரர் வேன் ஹாரன் ரிப்பேரானால், "ரம்பத்தைக் குடு, அதை வச்சே சமாளிக்கேன்" என்பார். ஆயுத பூஜைக்கு ரம்பத்தை ஸ்பேனர் பக்கம் வைப்பதா, சரஸ்வதி படத்துப் பக்கம் வைப்பதா என்று வருஷா வருஷம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் டீக்கடைக் கச்சேரிக் கதை உண்டு.

போன சீசனில் ஒரு மதியம் சைரன் கேட்டது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரம்பம் ஆணியில் தொங்கியது. எதிர்வீட்டு வாசலில் நின்று மதினி மாடியை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"ஏ கனகு, நீதான? நீதான்னு சொல்லுட்டி!"

நான் வெங்காயக் கையோடு வாசலுக்கு வந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அது ஆம்புலன்ஸ், கோவில்பட்டிப் பக்கம் போகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்படியும் வேன் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ராஜி இறங்கி, தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏட்டி, போய் ரம்பத்த எடு" என்றார். "இன்னைக்கு நீ எம்புட்டு நேரம் வேணாலும் வாசி."