பதினெட்டு மிளகாய்ச் செடிகளும் ஒரு நீலச் சட்டையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் என் பதினெட்டு மிளகாய்ச் செடிகளும் நலம். நீங்களும் அண்ணியும் உங்கள் பூச்சிமருந்துக் கடையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினேன். மூன்றே மூன்று இலைப்பேன்கள் விழுந்தன. போன மாதம் இதே செடியில் நாற்பதுவரை எண்ணி, அவை ஓடிய ஓட்டத்தில் கணக்கை விட்டேன்.

அன்று நான் போனில் இலை சுருளுகிறது என்றதுமே, எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல், சிலந்திப்பேன் என்று முடிவுகட்டி மருந்துப் புட்டியை அனுப்பிவைத்தீர்கள். கூடவே, "முதல்ல பதினெட்டுச் செடியைக் காப்பாத்திக் காட்டு. நம்ம அரை ஏக்கரை உனக்குத் தர்றதா, குத்தகைக்கு விடறதான்னு அப்புறம் பேசலாம்" என்றீர்கள். சிலந்திப்பேன் என்றால் மிளகாய் இலை கீழ்நோக்கி மடங்கும், அண்ணா. என் செடிகளில் மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டிருந்தது, அது இலைப்பேனின் வேலை. கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான், புட்டியைத் திறக்கவில்லை. சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்து, இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சி, மாலையில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தேன். இலைப்பேனுக்கு நீல நிறம் பிடிக்கும் என்பதால் வீட்டிலிருந்த நீல மூடிகளிலெல்லாம் விளக்கெண்ணெய் தடவிச் செடிக்குச் செடி தொங்கவிட்டேன். அங்கேதான் கொஞ்சம் பிசகிவிட்டது. பக்கத்துக் கொடியில் உங்கள் மாப்பிள்ளையின் புது நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவரும் உதறாமல் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய், மேலாளர் முன்னால் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றிருக்கிறார். சாயங்காலம் வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, லென்ஸை எடுத்துக் காலரை ஆராய்ந்தேன். பதினொன்று. மனுஷர் பொறுமையாகத்தான் கேட்டார்: "நான் உனக்குப் புருஷனா, பூச்சி பிடிக்கிற பொறியா?" சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் அந்தச் சட்டைக்கே எண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். மூடிகளைவிட நன்றாகப் பிடிக்கிறது.

இப்போது புதுத்துளிர் சுருளாமல் வருகிறது, பூவும் வைத்துவிட்டது. பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைப்பீர்கள், அடித்துக்கொள்ளத்தான் செய்கிறேன். ஆனால் நிலத்துக்காக இதை எழுதவில்லை. தாராளமாகக் குத்தகைக்கு விடுங்கள். எனக்குப் பதினெட்டே போதும்.

அண்ணிக்கு என் அன்பு. புட்டியைத் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை

பி.கு.: 'பதினெட்டே போதும்' என்ற வரியை நாலு தடவை படித்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான், மனசு என்னுடையது இல்லை. குத்தகைக்கு யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வரும் பருவத்தில் அந்த அரை ஏக்கரில் நான்தான் மிளகாய் போடப்போகிறேன். இங்கே ஒருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. நாளை அரை டஜன் நீலச் சட்டை வாங்கி வந்தால் உங்கள் மாப்பிள்ளை தானாகவே புரிந்துகொள்வார்.