ஸ்டூலோடு வந்த மேடம்

உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்ளாத ஒரே ஆள் ‘இன்னொருக்கா’ மேடம்தான். சூரியன் உதித்தால்கூட “இன்னொருக்கா” என்று திருப்பி அனுப்பியிருப்பார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கப் பயம்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. (இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். என் பெயரைப் போடவேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியரிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.) திருச்சுழிப் பக்கம் தனியாக இருக்கிறேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் தம்பி வீட்டு ஜன்னலில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். அதனால் அங்கே போவதில்லை.

இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு, அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் மேடம் பயிற்சி நடத்தினார். நேபாளம், ஆப்பிரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். பேசிப் பழக நிஜ நோயாளி வேண்டுமாம். ஏழாவதோடு நின்ற நான் அவர்களுக்குப் பாடப் புத்தகமானேன்.

நோயாளிக்கு நாற்காலி, கேட்கிறவருக்குக் குட்டை ஸ்டூல். இது மேடத்தின் சட்டம். ஆறடி உயர ஆப்பிரிக்க டாக்டர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ஊர் ஊராக மேடம் அந்த ஸ்டூலை பஸ்ஸில் தூக்கிக்கொண்டே அலைவார்.

“இதுக்கு லக்கேஜு போடணும்மா” என்றார் கண்டக்டர்.

“டிக்கெட்டே போடுங்க. எங்க புரொபசரே இவருதான்.”

ஒருநாள் எல்லாரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒருத்தர் விடாமல் குடிக்கிறார்களா என்று வாசலில் நின்று பார்த்தார். ஆப்பிரிக்க டாக்டர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்கு அந்தச் செம்பை நான் கழுவவில்லை.

கடைசிப் பரீட்சை ஒப்புதல் படிவம்; ஆராய்ச்சியில் சேரச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்துப் போடுகிற தாள். பிள்ளைகள் அதை எனக்கு விளக்க வேண்டும். நான் என் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் ஃபெயிலாவது நானல்ல, விளக்கியவர். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் கலெக்டர்.

மலர்விழி என்ற பெண் என்னால் இரண்டு தடவை ஃபெயிலாகியிருந்தாள். மூன்றாவதும் போனால் ஆராய்ச்சியில் சேர முடியாது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. படிவத்தை வாங்கி வந்து முழுக்க மனப்பாடம் செய்துவிட்டேன்.

மறுநாள் அவள் விளக்கியதும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

மேடம் அவளைப் பார்த்தார். “ஏம்மா, நோயாளியக் கூட்டியாரச் சொன்னா ரேடியோவக் கூட்டியாந்திருக்க. இன்னொருக்கா.” பிறகு என்னிடம் திரும்பி, “ஆராய்ச்சிக்கு நடுவுல நீங்க எந்திரிச்சுப் போனா நாங்க என்ன செய்வோம்?” என்றார்.

படிவத்தில் பதில் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“கோவிப்பீக.”

மலர்விழி படிவத்தைக் கீழே வைத்தாள். “அண்ணே, கோவிக்க மாட்டோம். நம்பலேன்னா போய்ப் பாருங்க. கதவு தொறந்துதான் கெடக்கு.”

போனேன். படியிறங்கி, வாசல் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும். யாராவது அதட்டிக் கூப்பிடுவார்கள் என்று முதுகு கூசியது. யாரும் கூப்பிடவில்லை. திருச்சுழி பஸ் வந்தது, போனது. பிறகு, எனக்கே தோன்றித் திரும்பினேன்.

எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“போனேன். யாரும் வையல. திரும்பி வரணும்னும் யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்” என்றேன்.

“இது சொந்த வார்த்த” என்றார் மேடம். “பாஸு.”

மலர்விழி அழுவதற்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மேடம் ஸ்டூலை என்னிடம் கொடுத்தார். “தோள் வலிக்குது, வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்.” இன்னும் வரவில்லை. என் வீட்டில் நாற்காலிக்கு எதிரே அது காலியாகக் கிடக்கிறது. தினமும் காலையில் துடைத்துவிடுகிறேன். தூசி கிடந்தால் கோவிப்பாக.