நீச்சல் குளத்தில் டீ போட்டவள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் கேள்வி கேட்கிறார்களோ, அந்தப் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். லிஃப்ட் ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டவர்தான் இன்று லிஃப்ட் பொறுப்பாளர். நான் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நீச்சல் குளத்தில் குளோரின் சரியான அளவில் இருக்கிறதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். (பதில் வந்த பிறகும், "நிச்சயமாகவா?" என்று இன்னொரு முறை கேட்டேன்.) கைதட்டி என்னைக் குளத்துக்குப் பொறுப்பாக்கிவிட்டார்கள். உனக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது.

பொறுப்பேற்றதும் நான் செய்த முதல் காரியம், லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. 'ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காதீர்கள்.' கீழே என் பெயர், வீட்டு எண். பெரும்பாக்கத்தில் சித்திரை மாதம் லாரித் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இருந்தாலும் சொன்னேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. கோடை நீச்சல் வகுப்பில் சேர்த்து மூன்று வாரம் ஆகியும் முதல் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். "தரை தெரிஞ்சாதான் இறங்குவேன். தெரியலன்னா கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" (இந்தப் பயம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று என் கணவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.) ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழந்தைகள் பெற்றோர் முன்னால் நீந்திக் காட்ட வேண்டும். சனிக்கிழமை சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்: "நாளைக்கு மிதவை இல்லாம இறங்குறேன்மா. ஆனா தரை தெரியணும். ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் குளம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. பம்ப் அறையில் மணல் வடிகட்டியின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அது ஒரு பெரிய உருண்டைத் தொட்டி. உள்ளே முழுக்க மணல். குளத்துத் தண்ணீர் அந்த மணல் வழியாக இறங்கி, அழுக்கை விட்டுவிட்டுத் திரும்பி வரும். தலையில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றி ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ் என்று எழுதியிருக்கும். அந்தக் கைப்பிடியைத் தொடும் ஒரே மனிதர் செல்வம். செல்வமோ மகளுக்கு மொட்டை போட சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்தார். ஒன்பதாவது அழைப்பில் எடுத்தார். பின்னணியில் குழந்தை வீறிட்டு அழுதது.

"இன்னாக்கா, இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"செல்வம், தண்ணி கலங்கியிருக்கு. முள்ளு சிவப்புல நிக்குது. வெடிச்சிடுமா?"

"அதெல்லாம் வெடிக்காதுக்கா. மணலு அடைச்சிகினு கீது, அவ்ளோதான். மொதல்ல மோட்டார நிறுத்துங்க. மோட்டாரு ஓடசொல்லோ கைப்பிடில கை வெக்காதீங்க. பேக்வாஷ்ல திருப்பி மோட்டார போடுங்க, அழுக்கு பூரா சாக்கடைக்குப் பூடும். சின்ன கண்ணாடி ஒண்ணு கீதுல்ல, அதுல தண்ணி தெளியற வரிக்கும் வுடுங்க. அப்பால ஆஃப் பண்ணி, ரின்ஸ்ல ஒரு நிமிசம், மிச்ச மீதி அழுக்கும் வெளிய பூடும். அத்த மட்டும் மறக்காதீங்க. கடைசியா ஃபில்டர்... யோவ், காதாண்ட பாத்துய்யா, பாப்பா ஆடுது!"

எல்லாவற்றையும் யாழினியின் வீட்டுப்பாட நோட்டில் எழுதிக்கொண்டேன். 'ரின்ஸ் - ஒரு நிமிடம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. காதைப் பார்க்கச் சொன்னது எனக்கா நாவிதருக்கா என்ற சந்தேகத்தில் அதையும் எழுதி வைத்தேன்.

படித்தவள் நிதானமாகத்தான் செய்வாள். மோட்டார் நின்றதா என்று ஐந்து முறை பார்த்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். சரியாகத் திருப்பினேனா என்று பழைய இடத்துக்கே கொண்டுபோய், மறுபடி திருப்பினேன். நடுவில் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். நான் மோட்டாரைப் போட்டபோது மணி ஒன்பதரை. பெற்றோர்கள் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

கண்ணாடியில் பழுப்புத் தண்ணீர் சீறியது. வெளியே வடிகாலில் ஆறு மாதிரி ஓடியது. அத்தனையும் தண்ணீர்! அப்போதுதான் தரைத்தள ஜமீலா அக்கா கையில் வாளியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டினது நீதானே?"

"ஆமாக்கா, இது வந்து... பேக்வாஷ்..."

"ஒரு சொட்டுன்னு எழுதியிருந்தே. இது எத்தனை சொட்டும்மா?" என்று வாளியை வடிகாலில் வைத்தார். அது நிரம்ப மூன்று நொடி ஆகவில்லை.

அவ்வளவுதான், மோட்டாரை நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் தண்ணீர் தெளிந்திருந்ததா? ஏறக்குறைய. (டிகாஷன் நிறத்திலிருந்து டீ நிறத்துக்கு வந்திருந்தது.) பாக்கி இருந்தது ரின்ஸ். அந்தத் தண்ணீரும் வடிகாலுக்குத்தான் போகும். ஜமீலா அக்கா இரண்டாவது வாளியோடு வந்துகொண்டிருந்தார். உள்ளே மிச்சம் ஒரு டம்ளர் அழுக்கு இருக்குமா? அதற்காக ஒரு நிமிடத் தண்ணீரா? நோட்டில் இரண்டு கோடு போட்ட அதே கையால் கைப்பிடியை நேராக ஃபில்டருக்குத் திருப்பி, மோட்டாரைப் போட்டேன்.

வெளியே வந்தபோது குளம் அசைவில்லாமல் இருந்ததால் கலங்கல் கொஞ்சம் படிந்து, ஆழம் குறைந்த பக்கத்தில் நீல ஓடுகள் தெரிய ஆரம்பித்திருந்தன. யாழினி மிதவையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். "அம்மா, தரை தெரியுது!" என்று படியில் காலை வைத்தாள்.

சரியாக அவள் காலுக்குப் பக்கத்தில், வடிகட்டிய தண்ணீர் திரும்பி வரும் சுவர்த் துளையிலிருந்து பழுப்பு மேகம் ஒன்று புசுபுசுவென்று கிளம்பியது. பிறகு அடுத்த துளையிலிருந்து. ஒரு டம்ளர் இல்லை. மூன்று வாரம் முப்பது குழந்தைகள் குளித்த அழுக்கு மொத்தமும் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"யாரோ குளத்துல டீ போட்டுட்டாங்க!" என்று ஒரு குழந்தை கத்தியது. எல்லோரும் போனைத் தூக்கினார்கள். யாழினி விருட்டென்று காலை எடுத்தாள். உதடு பிதுங்கியது.

"ப்ராமிஸ் பண்ணினே!"

அந்த முகத்தைப் பார்த்தபின் யோசிக்க முடியவில்லை. (வாழ்க்கையில் ஒரே ஒரு முறை.) போட்டிருந்த சுடிதாரோடு படியிறங்கி, இடுப்பளவு டீயில் நின்றேன். "இங்க பாருடா, தரை இங்கதான் இருக்கு. ஒண்ணுமே இல்ல."

"உன் கால் எங்கம்மா?"

நியாயமான கேள்வி. காட்டுவதற்காக ஒரு காலைத் தூக்கினேன். தரையில் மீதியிருந்த கால் வழுக்கியது. துப்பட்டா முகத்தில் சுற்றிக்கொள்ள, முழுசாக உள்ளே போய்விட்டேன். மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ஒரு குட்டிக் கை என் பின்னலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது.

எழுந்து பார்த்தால், கழுத்தளவு பழுப்புத் தண்ணீரில், மிதவை இல்லாமல், தரை தெரியாமல் யாழினி நின்றுகொண்டிருந்தாள். "நில்லும்மா, நின்னா போதும். இங்க ஆழமே இல்ல," என்று எனக்கு தைரியம் சொன்னாள்.

நான் சொன்ன முதல் வார்த்தை: "காதுல தண்ணி போச்சா?"

நிகழ்ச்சி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஜமீலா அக்கா தன் கறிவேப்பிலைச் செடிக்கென்று பிடித்த வாளித் தண்ணீரை அதற்கு ஊற்றவில்லை. என் தலையில் ஊற்றலாமா என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார். குளக்கரையில் நின்றபடியே போனை ஸ்பீக்கரில் போட்டுச் செல்வத்திடம் ஒப்புக்கொண்டபோது அவர் சிரிக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நிமிசம்க்கா. அதுகூடவா முடியல?"

என் கணவர் எடுத்த வீடியோவில் இந்தக் கேள்வியும் பதிவாகிவிட்டது. அதிலிருந்து வீட்டில் நான் எதற்காவது பதறி ஆரம்பித்தால் போதும்: தண்ணி பாட்டில் எடுத்தியா, பேனா இருக்கா, அந்தப் பேனா எழுதுதா என்று நான்காவது கேள்விக்குப் போவதற்குள், யாழினி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவாள்.

"அம்மா. ரின்ஸ். ஒரு நிமிஷம்."

வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுகிறேன். இதுவரை முப்பதைத் தாண்டியதில்லை.