உள்ளேன் அரசே

ஏழு கடலுக்கு அப்பால் அல்ல, ஒரே ஒரு கடலுக்கு அப்பால் முழங்குநாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட முதல் மன்னருக்குக் கண் மங்கல். எதிரே நிற்பது ஆளா தூணா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பெயர் சொல்லி அழைத்தால் "உள்ளேன் அரசே" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவர் இருக்கிறார், சொல்லாதவர் இல்லை. ஒருவருடைய குறைக்காக ஒரு நாடே வளைந்துகொடுத்தது என்பதுதான் உண்மை. ஆனால் அதை அங்கே சொன்னால் நாக்கு மிஞ்சாது. மன்னர் மக்களின் குரலுக்கு மதிப்பளித்தார் என்றுதான் பாடநூலில் எழுதியிருந்தது. பின்னால் வந்த மன்னர்களுக்கெல்லாம் கழுகுக் கண், ஆனாலும் வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. அரிசிக் கடையிலும் நீதிமன்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் குரல் இருந்தால்தான் ஆள்.

அந்த நாட்டின் உப்பளத்தில் சடைச்சி என்றொருத்தி வேலை செய்தாள். புருஷன் இறந்துபோனான். ஒரே மகள் சிட்டு. சிட்டுவுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு மட்டும் வரவில்லை. வாய்ப்பாட்டை விரல் மடக்கிச் சொல்வாள். பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். அம்மா உப்பளத்துக்குக் கிளம்புவதற்குள் சிலேட்டைக் கோவையிலை வைத்துத் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

வகுப்பில் வாத்தியார் ஆதன் பெயர் வாசிப்பார். "சிட்டு" என்றதும் அவள் எழுந்து, குதிகால் தரையில் படாமல் எக்கி, கையைத் தூக்குவாள். ஆதன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே "வரவில்லை" என்று குறிப்பார். வராத பிள்ளைக்கு மதியச் சோறு இல்லை. பருவம் முழுக்க வராத பிள்ளைக்கு அடுத்த பருவத்தில் பலகையில் இடமும் இல்லை. ஒரு நாள் மனம் கேட்காமல் அவர், தூக்கிய கையையே குரலாக எடுத்துக்கொண்டு "வந்தாள்" என்று குறித்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். மறுவாரம் ஆதன் எல்லைக்காட்டுப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அந்தப் பள்ளிக்குக் கூரையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

சடைச்சி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு தலைநகருக்குப் போனாள். அங்கே தனிக்கவனத் துறை என்று ஒரு துறை இருந்தது. அதன் அமைச்சர் பெருங்கருணையார், பெயருக்கேற்றபடி கண்ணீரை எப்போதும் தயாராக வைத்திருப்பவர்.

"என் புள்ள தெனமும் போறாய்யா. அங்கனயேதான் உக்காந்திருக்கா. ஆனா இல்லேங்கிறாங்க" என்றாள் சடைச்சி.

"அம்மையே, உமது துயரம் எமது துயரம்" என்று அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஒரு குழந்தைகூட விடுபடலாகாது என்பது மன்னர்பிரானின் கனவு. இன்றே ஆணையிடுகிறோம். பேசாத ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலிருந்து குரல் கொடுக்க ஒரு குரல்துணைவர் நியமிக்கப்படுவார்."

சடைச்சி அவர் காலில் விழப் போனாள். அமைச்சர் பெருந்தன்மையோடு தடுத்தார். "ஒரு சிறு நடைமுறை. துணைவர் வேண்டுமென்று குழந்தை தன் வாயால் கேட்க வேண்டும். கேளாமல் கொடுப்பது அதன் உரிமையில் தலையிடுவதாகும்."

அங்கேயே சிட்டுவை நிறுத்திக் கேட்டார்கள். அவள் தலையாட்டினாள், கும்பிட்டாள், கடைசியில் எக்கிக் கையைத் தூக்கினாள். அமைச்சரின் உதவியாளர் தொண்டையைக் கனைத்து அறிவித்தார்: "வேண்டுமென்று குழந்தை சொல்லவில்லை."

"பேச முடிஞ்சா அவ எதுக்குய்யா ஒங்ககிட்ட வாரா?" என்று கேட்டாள் சடைச்சி.

"அருமையான வினா. இதை ஆராய ஒரு குழு அமைக்கிறோம்" என்றார் பெருங்கருணையார்.

குரல்துணைவர்கள் நியமிக்கப்பட்டது என்னவோ உண்மை. எந்தக் குழந்தையும் கேட்காததால் அவர்கள் அமைச்சரின் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, அவர் வரும்போதும் போகும்போதும் வாழ்த்துச் சொன்னார்கள்.

குழு ஆற அமர ஆராய்ந்து, சிக்கல் பெயரில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. "குறையுள்ள குழந்தைகள்" என்பது மனதைப் புண்படுத்துகிறதாம். இனி அவர்கள் "தெய்வச் செல்வங்கள்" எனப்பட்டார்கள். ஊருக்கு ஊர் விழா நடந்தது. சிட்டுவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டுத் தேரில் ஏற்றினார்கள். பள்ளியில் அவள் பக்கத்தில் தம் பிள்ளை உட்காரக் கூடாது என்று சண்டை போட்ட பெண்களே கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து அவள் காலில் கிடத்தினார்கள். பார்த்த சடைச்சிக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. பெற்ற மனம் அல்லவா? உச்சி வெயிலில் பிள்ளை தண்ணீருக்குச் சைகை காட்டியது. தெய்வம் ஆசி வழங்குகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

விழா முடிந்ததும் அடுத்த ஆணை வந்தது. தெய்வங்கள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்வது அபசாரம். இனி வீடே கோயில், ஆசிரியர் வீடு தேடி வருவார்.

ஆசிரியர் வரவும் செய்தார். தெருவில் நின்று "சிட்டு!" என்று கூப்பிட்டார். பிள்ளை சிலேட்டோடு ஓடிவந்து அவர் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி நின்றது. அவர் அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "வீட்டில் யாரும் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு வரவில்லை.

தனியே விட்டுப்போக மனமில்லாமல் சடைச்சி மகளை உப்பளத்துக்கே கூட்டிப்போனாள். பாத்தித் தண்ணீரில் பிள்ளையின் பாதம் வெடித்தது. இராத்திரி எண்ணெய் தடவும்போது அது வலியில் வாயைத் திறக்கும், சத்தம் வராது. அந்தத் திறந்த வாயைப் பார்க்கிற கொடுமையை எந்தத் தாயும் அனுபவிக்கக் கூடாது.

இதற்கிடையில் பள்ளிகளைக் கணக்கெடுத்தார்கள். இருந்த பிள்ளைகள் எல்லாரும் கணீரென்று "உள்ளேன் அரசே" என்றார்கள். பேசாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இலட்சியம் நிறைவேறியதால் தனிக்கவனத் துறை மூடப்பட்டது. பெருங்கருணையார் தலைமையமைச்சர் ஆனார்.

வெற்றியைக் கொண்டாடப் பெருஞ்சபை கூடியது. மன்னரே மக்களிடம் நேரில் கேட்கப்போகிறார் என்று தண்டோரா போட்டார்கள். சடைச்சி வழியெல்லாம் ஒரே வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்: "எம் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வேணும் அரசே."

கூட வந்த உப்பளத்துக்காரி தங்கம் அவள் காதைக் கடித்தாள். "அக்கா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. அந்த வாத்தியாரு கதி தெரியுமில்ல? இருக்கிற அரிசியும் போயிரும். ரெண்டு வயிறு, யோசிச்சுக்க."

மைதானத்தில் எள் போட இடமில்லை. வரிசைக்கு வரிசை வேல்பிடித்த காவலர்கள். மன்னர் எழுந்தார்.

"நம் நாட்டில் பள்ளியில் இடமின்றித் தவிக்கும் குழந்தை எதுவும் உண்டா? உண்டெனில் குரல் எழட்டும்!"

சடைச்சியைப் போல எத்தனையோ தாய்மார் அங்கே இருந்தார்கள். ஒருத்தி இருமக்கூட இல்லை. சடைச்சிக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. காவலன் ஒருவன் சும்மாதான் திரும்பினான். வந்த வார்த்தையை எச்சிலோடு விழுங்கிவிட்டாள்.

அப்போது அவள் பிடியிலிருந்து ஒரு சின்னக் கை விடுபட்டது. சிட்டு வெடித்த பாதத்தை ஊன்றி எக்கி, கையைத் தூக்கினாள். அத்தனை பெரிய கூட்டத்தில் அந்த ஒரு கை. கழுகுக் கண் மன்னர் அதைப் பார்த்தார். பெருங்கருணையார் குனிந்து, "குரல் எதுவும் எழவில்லை, மன்னா" என்றார்.

"நன்று" என்றார் மன்னர். "எனில், அனைவரும் நலமாக உள்ளீர்களா?"

"உள்ளோம் அரசே!" என்று மைதானம் அதிர்ந்தது. சடைச்சியும் சொன்னாள். பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

தூக்கிய கையோடு சிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், கையை இறக்கிக்கொண்டாள்.

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் நம்மில் யாராவது குரல் கொடுத்திருப்போம் அல்லவா?