எட்டுக்கு மேல் போகாத போதும்பா

காஞ்சிபுரத்தில் ‘போதும்’ என்ற சொல்லை மனதாரச் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். இங்கே புடவை எடுக்க வந்தவர்கள் கடை முழுவதையும் பிரித்துப் போட்ட பிறகும் அதைச் சொல்வதில்லை. பந்தியில் பரிமாறுகிறவரோ நாம் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. எங்கள் போதும்பா மட்டும் எதையும் எட்டு வரை எண்ணுவார். எட்டு முடிந்ததும் “போதும்பா” என்று எழுந்துவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றை நடத்தினேன். நெசவாளர்கள் பென் டிரைவோடு வருவார்கள். வேண்டிய பார்டரை ஏற்றிக்கொண்டு போய், தறியில் டிசைனை நெய்ய வைக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகுவார்கள். எங்கள் புரோகிராமர் போதும்பாதான். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். எதில் போட்டாலும் ஒரே மாதிரி ஃபைலைத் தேடி எடுத்து வரும் புரோகிராம் தொகுப்பு ஒன்றை அவர் எழுதியிருந்தார்; அதை லைப்ரரி என்போம். ஊரில் வேறு சில நிலையங்களும் அதை நம்பி வாங்கின. அவருக்கு இருந்த சொத்து அந்த நம்பிக்கைதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே யாளி பார்டருக்குக் கடைக்கு ஒரு பெயர் வைப்பார்கள். ஒருவர் பேத்தியின் பெயரை வைத்தால், அடுத்தவர் குலதெய்வத்தின் பெயரை வைப்பார். பெயருக்கு ஒரு நகல் எடுத்தால் கட்டுப்படியாகுமா? அதனால் புதுப் பெயரில் டிசைன் இருக்காது. ‘இன்ன பெயரில் போய்ப் பார்’ என்று கைகாட்டும் ஒரு லிங்க் மட்டும் இருக்கும். அங்கே போனால் அது இன்னொரு பெயரைக் காட்டும். போதும்பாவின் லைப்ரரி எட்டு லிங்க் வரை பின்னாலேயே போகும். எட்டாவதும் வேறு பெயரைக் கைகாட்டினால், கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

“அது என்னப்பா கணக்கு?” என்று கேட்டேன்.

“எட்டு பேர் கை காட்டியும் ஆளு சிக்கலைன்னா, நம்மள சுத்தல்ல உடுறாங்கன்னு அர்த்தம் சார். எதுக்கும் ஒரு அளவு வோணும்.”

அவர் வாழ்வதும் அப்படித்தான். வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனார். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. எட்டாவது மேசைக்காரர் “அந்தாண்ட போய்க் கேளு” என்றதும், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு ஆயிடுச்சி சார். இனிமே நீங்கதான் பதில்.”

அந்த மனிதர் இதை ஏதோ புதிய அரசாணை என்று நினைத்துக்கொண்டார். வேலை அன்றே முடிந்தது.

கல்யாணங்களில் யாராவது “உங்க சித்தப்பாவோட மச்சான் இருக்காரே, அவரோட சகலை” என்று ஆரம்பித்தால், போதும்பா விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். எட்டு தாண்டினால் கும்பிட்டு விடுவார். “அதுக்கு மேல போனா ஊரே சொந்தம்பா. யாருக்குன்னு மொய் எழுதறது?”

இனி என் பங்குக்கு வருகிறேன். இரண்டு அண்ணன் தம்பிகள், பக்கத்துப் பக்கத்துக் கடை, பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் வந்து, “வாத்தியாரே, யாளி பார்டர்ல ஒரிஜினல் என்துதான். தம்பிது என்னைப் பாத்துதான் வரணும்” என்றார். சரி என்றேன். தம்பியும் வந்து அதையே சொன்னார். அவருக்கும் சரி என்றேன். இருவருக்கும் நல்லவனாக இருக்க ஆசை. அண்ணன் பெயரைத் தம்பி பெயருக்கும், தம்பி பெயரை அண்ணன் பெயருக்கும் கைகாட்ட வைத்தேன். அதில் ஒரு பெயரில் இருந்த உண்மையான டிசைனையே அதனால் அழித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் லைப்ரரி கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றது. நான் போதும்பாவின் எட்டைத்தான் சந்தேகித்தேன்.

“அந்த அளவை எடுத்துடுப்பா. எவ்வளவு தூரம் வேணும்னாலும் போய்த் தேடட்டும்.”

“வாணாம் சார். எங்கியோ ரெண்டு லிங்க்கு ஒண்ணையொண்ணு பாத்துக்கினு இருக்குது. தேடிப் பாத்துடலாம். அளவை எடுத்தா மெஷின் சுத்திக்கினே கெடக்கும்.”

“சொன்னதைச் செய்.”

செய்தார். அளவு இருந்தவரை அந்த ஒரு பார்டர்தான் வரவில்லை. அளவு போனதும் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் தம்பியிடமிருந்து அண்ணனுக்கும் ஓடி ஓடி உறைந்துபோயின. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பாவு நூலைப் பிணைத்துத் தறியைத் தயாராக வைத்துவிட்டு வந்த நெசவாளர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள்.

“தறி சும்மா நிக்குதுபா! என்னா ஆபீஸ் நடத்துறீங்க?”

அண்ணனும் தம்பியும் அங்கே இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் நான் போதும்பாவைக் காட்டி, “இவர் எழுதின லைப்ரரிதான் கோளாறு” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “போதும்பா” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைப் பார்த்து அவர் ‘சார்’ சேர்க்காமல் பேசியது அன்று மட்டும்தான்.

மாலையில் என் லிங்க்குகளை நானே கண்டுபிடித்தேன். அண்ணனிடமும் தம்பியிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாக அந்த லைப்ரரியைக் கழற்றின. நான் வாயைத் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து, சென்ற மாதம்தான் துணிவு வந்தது. ஒவ்வொரு நிலையமாகப் போய் நடந்ததைச் சொன்னேன். பிறகு அவரைத் தேடிக் கிளம்பினேன். பழைய வீட்டுக்காரர் ஐயம்பேட்டையைக் காட்டினார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால், அங்கே “காலி பண்ணிட்டாரேபா” என்று வேறு தெருவைக் காட்டினார்கள். அந்தத் தெரு திருப்பருத்திக்குன்றத்தைக் காட்டியது. இப்படியே வெயிலில் சுற்றிச் சுற்றி, சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் இஸ்திரிக் கடையில் வந்து நின்றேன். அது எட்டாவது கை. “கம்ப்யூட்டர்காரரா? கோடி வீட்ல கேட்டுப் பாருங்க பெரியவரே” என்றது.

முறைப்படி நான் திரும்பியிருக்க வேண்டும். கோடி வீட்டுக் கதவைத் தட்டினேன். போதும்பாவே திறந்தார். தலை நரைத்திருந்தது.

“தப்பு என்மேலதான்பா. எல்லா இடத்திலயும் சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றேன்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கேட்டார்: “என்னைக் கண்டுபிடிக்க எத்தினி பேர் கை காட்டுனாங்க சார்?”

“ஏழு பேர்” என்றேன்.